கடலுக்கு அடியில் மண். மண்ணுக்கு அடியில் உயிர்!

கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

"மண் இருக்கிறது, சேறு இருக்கிறது" என்று சொல்லி விடுவீர்கள்.

சரி. அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது?

"பாறை இருக்கும், வேறு என்ன இருக்கப் போகிறது?" என்று கேட்பீர்கள். விஞ்ஞானிகளும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள். வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, சாப்பிட ஒன்றும் இல்லை, மேலே மலை போன்ற தண்ணீரின் பாரம். அங்கே எந்த உயிர் வாழும் என்று அதை மறந்து விட்டார்கள்.

ஆனால் அங்கே உயிர் இருக்கிறது! ஒன்று, இரண்டு அல்ல. 29 என்று எழுதி, அதன் பக்கத்தில் 28 சுழிகளைப் போட்டுப் பாருங்கள். உலகக் கடல்களின் அடிமண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் தொகை ஏறத்தாழ அவ்வளவு என்று 2012-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

புதுச்சேரியில் இருக்கும் நமக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது.

தேங்காய்த்திட்டுச் சேறு

புதுச்சேரி நகரின் தெற்கே தேங்காய்த்திட்டு இருக்கிறது. அங்குள்ள கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. தண்ணீர் வடிந்த நேரத்தில் அங்கே உள்ள சேற்றை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். மேலே பழுப்பு நிறம். கொஞ்சம் கீழே போனால் மை போன்ற கறுப்பு. கூடவே அழுகிய முட்டையின் நாற்றமும் வரும்.

அந்த நாற்றம் சாக்கடையால் மட்டும் வருவது அல்ல. சுத்தமான கழிமுகத்திலும் அது வரும். அதை உண்டாக்குகிறவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்.

நாம் மூச்சு விடுவதற்குப் பிராண வாயு வேண்டும். சேற்றில் அது மேல் தோலில் மட்டுமே இருக்கிறது. கீழே உள்ள உயிர்கள் என்ன செய்யும்? கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பேட் என்ற உப்பை எடுத்துக்கொள்கின்றன. நாம் பிராண வாயுவை வைத்துச் செய்யும் வேலையை அவை அந்த உப்பை வைத்துச் செய்கின்றன. நாம் கரியமில வாயுவை வெளியே விடுகிறோம். அவை கரியமில வாயுவோடு கந்தகம் கலந்த வாயு ஒன்றையும் வெளியே விடுகின்றன. அதுதான் அந்த முட்டை நாற்றம். அந்த வாயு சேற்றில் உள்ள இரும்போடு சேரும்போது சேறு கறுத்துப் போகிறது.

பிராண வாயு இல்லாமலும் உயிர் வாழ முடியும் என்று முதலில் காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1861-ம் ஆண்டில் அவர் அதை உலகுக்குச் சொன்னார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. பாலைச் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறைக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கடலின் அடிமண்ணை அறிய விரும்புகிறவர்களுக்கு இந்தச் சேறுதான் வாசற்படி.

கல்யாணப் பந்தி

கல்யாண வீட்டில் பந்தி பந்தியாகச் சாப்பாடு போடுவார்கள். முதல் பந்திக்கு எல்லாம் கிடைக்கும். கடைசிப் பந்திக்குச் சோறும் ரசமும் மிஞ்சினாலே பெரிது.

கடலின் அடியிலும் இப்படித்தான் நடக்கிறது.

ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கடலில் கொட்டுகின்றன. செத்த மீன், நண்டு, பாசி எல்லாம் அடியில் போய்ப் படிகின்றன. அதுதான் சாப்பாடு. மேல் மண்ணில் பிராண வாயுவைக் கொண்டு வாழும் உயிர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து நல்லதை எல்லாம் தின்று விடுகின்றன. மிச்சத்தின் மேல் புது மண் படிகிறது. அதன் கீழே சல்பேட் உப்பைக் கொண்டு வாழும் உயிர்கள் அடுத்த பந்தி. இடையிலே இன்னும் சில சிறு பந்திகளும் உண்டு.

எல்லாம் தீர்ந்த பிறகு கடைசிப் பந்தி. அந்தப் பந்தியில் இருக்கும் உயிர்கள், எஞ்சிய சக்கையிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. கிராமங்களில் சாண எரிவாயுக் கலத்துக்குள் இருந்து அடுப்புக்கு எரிவாயு தருகிறவையும் இதே இனத்து உயிர்கள்தான்.

இந்தக் கடைசிப் பந்திக்காரர்களைப் பாக்டீரியா என்றுதான் முன்பு எண்ணினார்கள். 1977-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோஸ், இவை பாக்டீரியாவே அல்ல, தனிக் குலம் என்று காட்டினார். அந்தக் குலத்துக்கு ஆர்க்கியா என்று பெயர்.

24½ அடிதான் எல்லையா?

கடலின் அடிமண்ணில் எவ்வளவு ஆழம் வரை உயிர் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு 1955-ம் ஆண்டில் இரண்டு பேர் பதில் சொன்னார்கள். ஒருவர் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த கிளாட் ஜோபெல். இன்னொருவர் ரிச்சர்ட் மொரிட்டா. பசிபிக் கடலின் அடிமண்ணை எடுத்து, அதில் உள்ள உயிர்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 7.47 மீட்டருக்குக் கீழே எடுத்த மண்ணில் ஒன்றும் வளரவில்லை. அதாவது சுமார் 24½ அடி. "உயிர் உலகத்தின் அடி எல்லை இதுவாக இருக்கலாம்" என்று எழுதினார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார்கள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் கொடுத்த தீனியை உண்டு வளரும் உயிர்கள்தான் அவர்கள் கண்ணில் பட்டன. வளராதவை இல்லாதவை ஆகி விட்டன!

பிறகு முறை மாறியது. உயிர்களை வளர்க்க வேண்டாம். எண்ணிப் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். மண்ணில் ஒரு வகைச் சாயத்தைக் கலந்தார்கள். அது உயிருக்குள் இருக்கும் மரபுப் பொருளைப் பற்றிக்கொண்டு பளிச்சென்று ஒளிரும். மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தால் இருட்டில் மின்மினிப் பூச்சிகள் போலத் தெரியும்.

இந்த முறையில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் பார்க்சும் அவருடைய குழுவினரும் பசிபிக் கடலின் அடிமண்ணைச் சோதித்தார்கள். 500 மீட்டருக்குக் கீழேயும் உயிர்கள் ஒளிர்ந்தன! 1994-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

திருட்டுத்தனமாக நுழைந்தவையா?

பலர் நம்பவில்லை. "துளை போடும்போது கடல் தண்ணீர் உள்ளே போகும். அதிலுள்ள கிருமிகள் மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத்தான் பார்த்திருப்பீர்கள்" என்றார்கள்.

நியாயமான சந்தேகம்தான். அதைத் தீர்க்க ஒரு வழி செய்தார்கள்.

கப்பலிலிருந்து நீண்ட குழாயைக் கடலின் அடிமண்ணுக்குள் இறக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் சுமார் 9½ மீட்டர் நீள மண் தண்டு ஒன்று மேலே வரும். துளை போடப் பயன்படும் தண்ணீரில், கடலில் எங்குமே இல்லாத ஒரு ரசாயனத்தைக் கலந்து விடுவார்கள். மண் தண்டின் வெளிப்புறத்தை வெட்டி எறிந்து விட்டு, நடுப் பகுதியை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அந்த ரசாயனம் அதில் இருந்தால் வெளித் தண்ணீர் புகுந்து விட்டது என்று அர்த்தம். அந்த மண்ணைத் தள்ளி விடுவார்கள். இல்லாவிட்டால் அதில் உள்ள உயிர் அந்த மண்ணுக்கே சொந்தம்.

2002-ம் ஆண்டில் பெரு நாட்டுக்கு அப்பால் உள்ள கடலில், இந்த உயிர்களை ஆராய்வதற்கென்றே ஒரு கப்பல் பயணம் நடந்தது. சந்தேகம் மறையத் தொடங்கியது.

கடற்கரைச் சாலை போய் வரும் தூரம்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் உலாவ வருகிறவர்கள் பலர். அந்தச் சாலை சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம். ஒரு முறை போய்த் திரும்பி வந்தால் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை நேராகக் கீழே, பூமிக்குள் இறக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

2012-ம் ஆண்டில் ஜப்பானின் சிக்யூ என்ற கப்பல், ஷிமோகிடா தீபகற்பத்துக்கு அப்பால் அவ்வளவு ஆழத்துக்கு அடிமண்ணைத் துளைத்தது. 2,466 மீட்டர்! அங்கே நிலக்கரி அடுக்குகள் இருந்தன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் வளர்ந்த காட்டின் மிச்சம் அது. அந்தக் கரியைத் தின்று கொண்டு நுண்ணுயிர்கள் வாழ்ந்தன! தரையில் அந்தக் காட்டு மண்ணில் இருந்த உயிர்களின் வழி வந்தவையாக அவை இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வயதும் சுமார் 2 கோடி ஆண்டு என்கிறார்கள். திருவக்கரையில் மரம் கல்லாயிற்று. ஜப்பானில் மரம் கரியாகிக் கடலுக்கு அடியில் போயிற்று. அதற்குள் இன்னும் உயிர் இருக்கிறது!

2016-ம் ஆண்டில் அதே கப்பல் ஜப்பானின் தெற்கே இன்னொரு இடத்தைத் துளைத்தது. அங்கே 1,180 மீட்டர் ஆழத்தில் உஷ்ணம் 120 டிகிரி. நம் அடுப்பில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அதைவிட அதிகச் சூட்டிலும் மிகச் சில உயிர்கள் இருந்தன.

10 கோடி ஆண்டுப் பட்டினி

எல்லாவற்றையும் மிஞ்சிய அதிசயம் ஒன்று உண்டு.

தெற்குப் பசிபிக் கடலின் நடுப்பகுதியில் உயிர்கள் மிகக் குறைவு. அதனால் அடியில் போய் விழும் உணவும் மிகக் குறைவு. 2010-ம் ஆண்டில் அங்கே போய் அடிமண்ணை எடுத்து வந்தார்கள். அந்த மண்ணில் மிகப் பழையது 10 கோடியே 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் படிந்தது. பூமியில் ராட்சதப் பல்லிகள் உலாவிய காலம் அது!

ஜப்பானிய விஞ்ஞானி யூகி மொரோனோவும் மற்றவர்களும் அந்த மண்ணுக்குத் தீனி போட்டுக் காத்திருந்தார்கள். உயிர்கள் தின்னத் தொடங்கின! பெருகவும் தொடங்கின. 68 நாட்களில் பத்தாயிரம் மடங்கு பெருகியதும் உண்டு. 2020-ம் ஆண்டில் இதை அறிவித்தார்கள்.

உறை ஊற்றிய பால் ஓர் இரவில் தயிராகிறது. அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கிறது. நல்ல தீனி கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். கடலின் அடிமண்ணில் இருப்பவையோ ஒன்று இரண்டாக நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அவை சோம்பேறிகள் அல்ல. கிடைக்கும் உணவு அவ்வளவுதான். வரவுக்கு ஏற்றபடி செலவு செய்யும் குடும்பம் போல, சிக்கனமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

"இந்தக் கிருமிகளால் நமக்கு நோய் வருமா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நோய்க் கிருமிகள் நம் உடம்பில் வாழப் பழகியவை. இவை பழகியது இருட்டையும் பட்டினியையும். பயப்பட வேண்டியதில்லை.

நம் வங்கக் கடலில்

இனி நம் கடலுக்கு வருவோம்.

கடைசிப் பந்தி உயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன என்று சொன்னோம். ஆழ்கடலின் அடிமண்ணில் குளிர் அதிகம். தண்ணீரின் அழுத்தமும் அதிகம். அங்கே மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்து விடுகின்றன. பார்ப்பதற்குப் பனிக்கட்டி. தீக்குச்சியைக் காட்டினால் எரியும்! ஒரு லிட்டர் கட்டி உருகினால் சுமார் 164 லிட்டர் வாயு வெளிவரும்.

2006-ம் ஆண்டில் இந்திய அரசின் எரிவாயுக் கட்டித் திட்டத்தின்படி ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற அமெரிக்கக் கப்பல் இந்தியக் கடல்களைத் துளைத்துப் பார்த்தது. சென்னைத் துறைமுகத்துக்கும் அது வந்து போயிற்று. கிருஷ்ணா, கோதாவரி ஆறுகள் கலக்கும் கடலில் ஓர் இடத்தில், சுமார் 130 மீட்டர் தடிப்புக்கு இந்தக் கட்டிகள் இருப்பதைக் கண்டார்கள். அந்தமான் கடலிலும் கண்டார்கள். 2015-ம் ஆண்டில் ஜப்பானின் சிக்யூ கப்பல் வந்து வங்கக் கடலில் இன்னும் பல துளைகளைப் போட்டது.

கோதாவரிக் கரையில் புதுவை ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த ஏனாம் இருக்கிறது. ஆகவே இது நம் வீட்டு வாசலில் நடக்கும் விஷயம். அந்தக் கடலின் அடியில் கிடக்கும் மீத்தேனில் பெரும்பகுதி நுண்ணுயிர்கள் உண்டாக்கியது என்று சோதனைகள் காட்டின. அதாவது, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த சேமிப்பு அது.

அடிமண்ணின் காவல்காரர்கள்

இங்கே ஒரு கேள்வி எழும். இவ்வளவு மீத்தேன் உண்டானால் அது ஏன் மேலே வந்து காற்றில் கலக்கவில்லை?

கலந்தால் ஆபத்து. பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் பொல்லாதது. எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு சூடாக்கும்.

அதைத் தடுக்கிறவையும் நுண்ணுயிர்களே! அடிமண்ணில் மீத்தேன் மேலே ஏறி வரும். மேலே இருந்து சல்பேட் உப்பு கீழே இறங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டு இன உயிர்கள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஒன்று மீத்தேனைத் தின்னும் ஆர்க்கியா. மற்றொன்று சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியா. தனியாக எதனாலும் முடியாத வேலையை இரண்டும் கூடிச் செய்கின்றன. அடிமண்ணில் மேலே ஏறி வரும் மீத்தேனில் பெரும்பகுதி இந்தக் காவலைத் தாண்டுவதில்லை. இந்தக் கூட்டுக் குடும்பத்தை ஜெர்மானியப் பெண் விஞ்ஞானி அன்டியே போடியஸ் குழுவினர் 2000-ம் ஆண்டில் படம் பிடித்துக் காட்டினார்கள்.

சில இடங்களில் மீத்தேன் கடலின் தரை வரை கசிந்து வரும். அந்த இடங்களைச் சுற்றிச் சிப்பிகளும் மட்டிகளும் புழுக்களும் குடியேறி விடுகின்றன. வெயில் படாத அந்த ஊரில் அவற்றுக்குச் சோறு போடுகிறவையும் நுண்ணுயிர்கள்தான். கிருஷ்ணா-கோதாவரிக் கடலில் இப்படி ஓர் இடம் இருப்பதைக் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2019-ம் ஆண்டில் எழுதினார்கள்.

எடுக்கலாமா, வேண்டாமா?

நம் நாடு தனக்கு வேண்டிய இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ பாதியை வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்குகிறது. சொந்தக் கடலின் அடியில் இவ்வளவு கிடக்கும்போது அதை எடுக்க ஆசை வருவது இயல்பு. குழாய் வழியாக வீடுகளுக்கு வரும் எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்தானே?

ஆனால் எடுப்பது எளிதல்ல. 2013-ம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜப்பான் கடலின் அடிக் கட்டியிலிருந்து வாயு எடுத்துப் பார்த்தது. உலகத்திலேயே கடலில் நடந்த முதல் முயற்சி அது. ஆறு நாளில் குழாயில் மணல் புகுந்து வேலை நின்று விட்டது. 2017-ம் ஆண்டில் சீனா தென் சீனக் கடலில் 60 நாள் தொடர்ந்து எடுத்தது. இரண்டும் சோதனைகள்தான்.

வேறொரு கவலையும் உண்டு. கட்டி உருகினால் அதைப் பற்றி நிற்கும் மண் நெகிழும். வாயு ஒரே வேகத்தில் கிளம்பினால் காவல்காரர்களால் அவ்வளவையும் தின்று தீர்க்க முடியாது. அவை மெதுவாக வாழும் உயிர்கள். கலைந்து போன குடும்பம் மறுபடியும் கூடப் பல காலம் ஆகும். ஆகவே எங்கே துளைப்பது, எவ்வளவு எடுப்பது, எடுத்த பிறகு எப்படி மூடுவது என்பதை எல்லாம் முன்கூட்டியே ஆராய வேண்டும்.

மீத்தேன் என்ற பெயர் காவிரிக் கரை மக்களுக்குப் புதிதல்ல. வயலுக்கு அடியில் உள்ள வாயுவை எடுக்கும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள். 2020-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் செய்தது. கடலின் அடியில் இருப்பது வேறு வகை. ஆனாலும் கேள்வி ஒன்றுதான். மேலே வாழ்கிறவனைக் கேட்டுக்கொண்டுதானே கீழே தோண்ட வேண்டும்?

வயலுக்கு உழவன் இருந்தான். அவன் குரல் கொடுத்தான். கடலுக்கு மீனவர் இருக்கிறார். வைத்திக்குப்பத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் காரைக்காலிலும் ஏனாமிலும் வலையை நம்பி வாழும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவர்களுக்கு இந்த விஷயம் தெரிய வேண்டும். துளைக்கும் கப்பல் வந்து நின்ற பிறகு தெரிந்து பயனில்லை. பள்ளியில் படிக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

கடலின் அடிமண்ணில் உள்ள உயிர்களுக்கு வாய் இல்லை. ஆனால் அவை செய்யும் வேலையால்தான் மண்ணுக்குள் மீத்தேன் அடங்கிக் கிடக்கிறது. அவற்றின் சேமிப்பில் கை வைப்பதற்கு முன், அவற்றின் காவலை நாம் கலைக்காமல் இருப்போமா என்று ஒரு தடவைக்குப் பத்துத் தடவை யோசிப்பது நல்லது.